எப்சி டீச்சரின் இனிஷியல்

ஜூன் 24, திங்கள்

எப்சி இன்று இந்த டைரியைக் கையில் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்குக் கொடுத்தது, போன வருஷத்துடையது. கிழமை மாறியிருக்கும், திருத்திக்கொள்ளுங்கள் என்றாள். நான் நாலாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதிய பெரிய எழுத்து, என் ஸ்கூல் வேனின் முதுகில் ‘ஹாரன் அடிக்காதே, பிள்ளைகள் தூங்குகிறார்கள்’ என்று எழுதியதுதான்.

“தினமும் நாலு வரி எழுதுங்க. அந்தத் தீவுல சிக்னல் எப்படி இருக்குமோ. லெட்டர் போட வேண்டி வந்தா கை ஓடணும்லா.”

“நாலு வரிக்கு எத்தன மார்க்கு டீச்சர்?” என்றேன்.

உள்ளே போய்விட்டாள். பழைய எப்சியாக இருந்தால் ஃபெயில் என்றாவது சொல்லியிருப்பாள்.

மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை. ஜூலை 13 திருவனந்தபுரத்தில் பிளேன். இரண்டு வருஷ ஒப்பந்தம். இங்கே வள்ளியூரில் பதினெட்டு வருஷ சர்வீஸை விட்டுவிட்டு ஏன் போகிறாள் என்று ஊரில் கேட்கிறார்கள். அங்கே மீன் உயிரோடு வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுமாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜூன் 26, புதன்

பெட்டிக்கு முப்பது கிலோவுக்கு மேல் ஆகாதாம். மிளகாய்த்தூள், புளி, இட்லிப் பொடி என்று நான் எடுத்து வைக்க, அவள் எடுத்து வெளியே வைக்கிறாள். ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வைத்தேன்.

“மீன் ஊருக்குக் கருவாடா?” என்றாள்.

“அந்த மீனுங்க பாக்கட்டும். ஒழுங்கா இல்லன்னா இதான் கதின்னு தெரியணும்.”

உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று கணக்கில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 28, வெள்ளி

டிக்கெட் வந்துவிட்டது. மூன்று காப்பி எடுக்க பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைப்பெண் இசக்கியம்மாள் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “டீச்சரோட அப்பா பேரு மாசிலாமணியா அண்ணாச்சி?” என்றாள்.

“அது எப்படி உனக்குத் தெரியும்? எங்க கல்யாணத்துக்குப் பெறகு எங்களத் தெரிஞ்ச மாதிரியே அவரு காட்டிக்கிட்டதில்லயே.”

“டிக்கெட்டுல போட்டிருக்கே. மாசிலாமணி ஹெப்சிபா, எம்எஸ்.”

இதை விளக்கி எழுத வேண்டும். பள்ளிக்கூட வாசல் போர்டில் எப்சியின் முழுப்பெயர் M. HEPZIBAH என்று இருக்கிறது. எனக்கு இங்கிலீஷில் நன்றாகத் தெரிந்த எழுத்து அந்த எம் ஒன்றுதான். நம் பக்கம் கல்யாணம் வரைக்கும் பெண்ணுக்கு அப்பா எழுத்து, அப்புறம் புருஷன் எழுத்து. மாமனார் மாசிலாமணியும் எம், இந்த மிக்கேலும் எம். கழுத்தில் தாலி ஏறியபோது எழுத்தும் தானாக என் பக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேன் வாசலில் நிற்கும்போது பிள்ளைகளிடம் கேட்பேன்: “அந்த எம் யாரு?” “அங்கிள்தான்!” என்று மொத்த வேனும் கத்தும். பதினேழு வருஷமாகக் கத்துகிறது.

பாஸ்போர்ட்டுக்கு ஒற்றை எழுத்து போதாதாம், விரித்து எழுத வேண்டுமாம். விரித்ததும் உள்ளேயிருந்து மாமனார் எழுந்து வந்துவிட்டார்.

“அந்த எம்எஸ் என்னது?”

“மிஸ் மாதிரி அண்ணாச்சி,” என்றவள் என் முகத்தைப் பார்த்து, “கல்யாணம் ஆனவங்களுக்கும் போடுவாங்க” என்று அவசரமாகச் சேர்த்தாள்.

“மிஸ்தானே. எண்ணூறு பிள்ளைகளுக்கு அவ மிஸ்தான்” என்றேன். அவள் சிரித்தாள். காப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். வரும் வழியில் இரண்டு தடவை வண்டி நின்றுவிட்டது. கிளட்ச் சரியில்லை, பார்க்க வேண்டும்.

சாயங்காலம் எப்சி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“உங்கப்பாவும் உன்கூட பிளேன்ல வாராராம்லா. ஜன்னல் சீட்டுதான் வேணும்னு அடம் பிடிக்காராம்.”

கை நின்றது. “சர்டிபிகேட் எல்லாம் அப்பா பேர்ல இருக்கு. மாத்தணும்னா கெஜட் வரைக்கும் போகணும்.”

“நான் பிள்ளைகள்ட்ட பீத்திக்கிட்டது உனக்குத் தெரியும்லா?”

“ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கேக்கும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொல்ல மனசு வரல. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.”

இருந்துச்சு என்றாள். இருக்கு என்று சொல்லவில்லை. நாலாம் வகுப்புக்காரனுக்கும் அந்த வித்தியாசம் தெரியும்.

ஜூன் 29, சனி

என் எழுத்து நிஜமாகவே ஒரு பெயருக்கு முன்னால் நிற்கிறது. தமிழில், கல்லில். மி. ஜெமிமா.

எங்கள் மகள். ஒன்பது வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்டோபரில் காய்ச்சல் வந்தது, ஐந்தே நாள். காலை டிரிப்பில் பிள்ளைகளை இறக்கிவிட்டு தினமும் ஒன்பது மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். பத்து நிமிஷம்தான். ஒரு பூ வைப்பேன். யார் யாரைக் கிள்ளினார்கள், யார் டிபன் பாக்ஸ் கவிழ்ந்தது, வேன் செய்தி எல்லாம் சொல்லிவிட்டு வருவேன்.

எப்சிக்குத் தெரியாது. அடக்கத்தன்று அவள் மயங்கி விழுந்தபோது வந்த நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நெனக்க விடாதீங்க. எப்படியாச்சும் சிரிக்க வைங்க” என்றார். வேன் ஓட்டுவதற்கு அடுத்தபடி எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். டியூட்டியாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயரை நான் சொல்வதில்லை.

இதை எழுதிவிட்டேன், ஆகவே டைரி இனி வீட்டில் இருக்காது. வேன் டேஷ்போர்டில் வைத்துப் பூட்டியாயிற்று.

ஜூலை 1, திங்கள்

எப்சி சேலைகளை மடித்துக்கொண்டே கேட்டாள். “ஏங்க, டீச்சரோட வீட்டுக்காரரும் அங்க வந்து இருக்கலாமாம். ஆனா கூட வாரது யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள பாரத்துல எழுதிக் குடுக்கணும். அப்பத்தான் ரெண்டு பேருக்கான வீடு குடுப்பாங்க. எழுதட்டுமா?”

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் மடித்த சேலையையே மறுபடி பிரித்து மடித்தாள்.

“நான் வந்து என்ன செய்ய? அந்தத் தீவே ரெண்டு கிலோமீட்டர்தானாம். நான் மூணாவது கியர் போடதுக்குள்ள வேன் கடலுக்குள்ள நிக்கும்.”

“வெள்ளிக்கிழம வரைக்கும் நேரம் இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையை எடுத்தாள்.

வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்படியானால் ஒன்பது மணிக்கு யார் போவார்கள் என்று தோன்றியது. அந்த ஒரு நொடிக்குள் ஜோக் முந்திக்கொண்டுவிட்டது. என் வாய்க்கு மட்டும் பிரேக் போடாமல் விட்டுவிட்டார் ஆண்டவர்.

ஜூலை 3, புதன்

சாயங்கால டிரிப்பில் கடைசியாக இறங்குவது பெனிட்டா. ஏழாம் வகுப்பு. ஜெமியோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். இன்று முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

“அங்கிள், எப்சி மிஸ் எங்களாலதான் போறாங்களா?”

“உங்களாலதான். நீங்க எழுதுத இங்கிலீஷப் பாத்துப் பயந்து நாட்ட விட்டே ஓடுதாங்க.”

அவள் சிரிக்கவில்லை. “இல்ல அங்கிள். ஸ்கூல் திறந்த மொத நாள் எங்க கிளாஸுக்கு மிஸ் வந்தாங்க. அட்டெண்டன்ஸ் எடுத்தாங்க. ஜெபஸ்டினுக்கு அடுத்து ஜெமிமான்னு கூப்பிட்டாங்க.”

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

“ரிஜிஸ்டர்ல பேரு இல்ல அங்கிள். மிஸ்ஸே கூப்பிட்டாங்க. மிஸ் எங்க எல்லாரையும் பாத்தாங்க. அப்புறம் ரிஜிஸ்டர மூடிட்டு வெளிய போயிட்டாங்க.”

அன்றைக்கு ஜூன் பத்து. அன்று சாயங்காலம்தான் எப்சி நாகர்கோவில் ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், டிவி பார்த்துக்கொண்டு.

நாலாம் வகுப்பில் ஜெமியோடு இருந்த பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரு வகுப்பு ஏறி, இந்த ஜூனில் எப்சி பாடம் எடுக்கிற வகுப்புக்கே வந்துவிட்டார்கள். தினமும் அவர்களில் பாதிப் பேரை ஏற்றி இறக்குகிற எனக்கு இது உறைக்கவில்லை. பெனிட்டா வளர்ந்துவிட்டாள். கால் முன்பலகையில் இடிக்கிறது.

ஜூலை 4, வியாழன்

குக்கர் வேண்டாம் என்கிறாள். ஒரு ஆளுக்கு எதற்குக் குக்கர் என்கிறாள்.

ஜூலை 5, வெள்ளி

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு. காலையில் கல்லறைத் தோட்டத்தில் ஜெமியிடம் ஒத்திகை பார்த்தேன். ‘எப்சி, நானும் வாரேன். பிள்ளை தனியா இருப்பாளேன்னுதான் யோசிச்சேன்.’ அவ்வளவுதான் வாக்கியம். நடுவில் ஜோக் கிடையாது. மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், மூன்று தடவையும் நன்றாக வந்தது.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தேன். எப்சி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பாரத்த அனுப்பிட்டேன். ஒரு ஆள்னு போட்டுட்டேன்.”

“அப்படியா.”

“நீங்கதான் வேன் கடலுக்குள்ள நிக்கும்னு சொன்னீங்களே.”

துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

“நல்லதாப் போச்சு” என்றேன். “சின்ன வீடுன்னா கூட்டிப் பெருக்க வேல கம்மி.”

தோசை ஊற்றித் தந்தாள். நாலு சாப்பிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

பெட்டியை எடை போட வீட்டில் தராசு இல்லை. ரயில்வே கேட் பக்கம் பழைய இரும்புக் கடைக்கு வேனில் கொண்டுபோனோம். கடைக்காரர் ஸ்டீபன் அண்ணாச்சி தராசில் ஏற்றிவிட்டு, “என்ன மிக்கேல், டீச்சர எடைக்குப் போட்டாச்சா?” என்றார்.

“பேரம் படியல அண்ணாச்சி. நீங்க எம்.ஏ., பி.எட்.டுக்குத் தனியாப் போட மாட்டேங்கீங்க.”

முப்பத்திரண்டரை கிலோ. அங்கேயே, துருப்பிடித்த சைக்கிள்களுக்கு நடுவில் ஒரு சாக்கை விரித்துப் பெட்டியைத் திறந்தாள். மிளகாய்த்தூளை எடுத்தாள். புளியை எடுத்தாள். என் கருவாட்டையும் எடுத்தாள். கம்பளியை எடுத்தபோது அடியில் பழுப்பு அட்டை போட்ட நாலு நோட்டு தெரிந்தது. லேபிளில் எழுத்தைப் பார்த்தேன். முதலில் எம். அடுத்து ஒரு புள்ளி. மீதியை வாசிக்க எனக்கு இசக்கியம்மாள் தேவைப்படவில்லை.

“அதையும் எடுத்தா சரியா முப்பது வரும் டீச்சர்” என்றார் ஸ்டீபன் அண்ணாச்சி. அவர் நல்ல மனுஷன், அது ஜெமியின் நோட்டு என்று அவருக்குத் தெரியாது.

எப்சி கம்பளியை வெளியே போட்டாள், செருப்பை வெளியே போட்டாள், இரண்டு சேலையை எடுத்தாள். நோட்டின் மேல் கை போகவில்லை. இருபத்தொன்பது எண்ணூறு என்று முள் நின்றது.

நானும் பார்க்காத மாதிரி, “கம்பளி எதுக்கு, அங்க வேர்த்து ஊத்துமாம்” என்றேன். அவளும் நான் பார்க்காத மாதிரியே பூட்டைப் போட்டாள்.

ஜூலை 10, புதன்

சண்டை. எங்களுக்குள் சண்டையே வராது, எனக்குத்தான் சண்டை போடத் தெரியாதே.

பக்கத்து வீட்டு ரெஜினா மதினி வழியனுப்ப வந்திருந்தார்கள். மாலத்தீவில் மாப்பிள்ளை பார்த்தால் சொல்லு எப்சி, இவரைத் தள்ளிவிட்டுவிடலாம் என்று மதினி சொல்ல, அதற்கு நான் ஒன்று சொல்ல, ஒரே சிரிப்பு. மதினி போனதும் எப்சி கதவைச் சாத்தினாள்.

“எப்படிங்க உங்களால முடியுது?”

“எது?”

“இது. இந்தச் சிரிப்பு. மூணு வருஷத்துல அவ பேர ஒரு தடவ நீங்க சொல்லி நான் கேக்கல. கல்லறைத் திருநாளுக்குக்கூட நீங்க உள்ள வரல. நான் மெழுகுவர்த்தி கொளுத்துதேன், நீங்க கேட்டுப் பக்கத்துல வாட்ச்மேன்கிட்ட நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க.”

வாட்ச்மேன் வாயை அடைக்கத்தான் அன்று அங்கே நின்றேன். நான் தினமும் வருவதை அவளிடம் உளறிவிடக் கூடாதே என்று. அதைச் சொல்லவில்லை.

“நான் ஒருத்தியா அவள நெனச்சுக்கிட்டு இருக்கது எப்படி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? இங்க இருந்தாலும் நான் தனிதான். அதுக்கு அங்கயே போய்த் தனியா இருந்துட்டுப் போறேன்.”

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. அதுவும் ஒரு ஜோக்தான். நன்றாகவும் இல்லை.

ஜூலை 12, வெள்ளி

சாயங்காலம் எப்சி கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினாள். “வாரீங்களா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். வேனில் டயர் பார்க்க வேண்டும் என்றேன். அவளுக்கு முன்னால் அந்தக் கல்லைப் பார்த்தால் நான் உடைந்துவிடுவேன். நான் உடைந்தால் அப்புறம் அவளை யார் பார்ப்பது? டயர் நன்றாகத்தான் இருந்தது. அதையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஆறரைக்குத் திரும்பி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“யாரோ பூ வச்சிருக்காங்க. இன்னைக்குப் பறிச்சதுதான். பெனிட்டாவோட அம்மாவா இருக்கும்.”

“இருக்கும்” என்றேன்.

“அவங்களுக்காவது ஞாபகம் இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜூலை 13, சனி

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். முப்பது பிள்ளைகள் உட்காருகிற வேனில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெட்டியும். அவள் முன்சீட்டில் இருந்தாள். களியக்காவிளை வரைக்கும் மலை, மழை, ரப்பர் மரம் என்று பேசிக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் எனக்கே பேச்சு தீர்ந்துவிட்டது. இது என் வாழ்க்கையில் முதல் தடவை.

ஏர்போர்ட்டில் டிக்கெட் இல்லாதவனை உள்ளே விட மாட்டார்கள். கதவில் நின்ற போலீஸ்காரர் அவள் டிக்கெட்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு காக்கிச் சட்டையில் நின்ற என்னைப் பார்த்து, இது யார் என்று மலையாளத்தில் அவளிடம் கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். சத்தியமாக எதுவோ சொல்ல வந்தாள். அதற்குள் நான் ஒரு சல்யூட் அடித்து, “டிரைவர் சார்!” என்றேன்.

போலீஸ்காரர் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

எப்சி வாயை மூடிக்கொண்டாள். என் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். “பாத்து ஓட்டுங்க. பைபாஸ்ல மழைத் தண்ணி கெடக்கும்” என்றாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது, தானாக மூடியது. திரும்பிப் பார்ப்பாள் என்று முக்கால் மணி நேரம் நின்றேன். கண்ணாடியில் என் காக்கிச் சட்டைதான் தெரிந்தது.

ஜூலை 14, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வேனைக் கழுவினேன்.

ஜூலை 16, செவ்வாய்

சாயங்காலம் போன் வந்தது. அவள் இருக்கிற தீவு நன்றாக இருக்கிறதாம், பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாம். அங்கே நம்மைவிட அரை மணி நேரம் பின்னாலாம். “அப்ப என்னவிட அரை மணி நேரம் இளையவ ஆயிட்டே” என்றேன். “ம்” என்றாள். சாப்பிட்டீர்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

ஜூலை 18, வியாழன்

காலை டிரிப் முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு ஜெமியிடம் போனேன். பெனிட்டாவுக்குப் புது பேக் வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எப்சி. காலையில் அவள் கூப்பிட்டதே இல்லை.

“இப்ப எனக்கு கிளாஸ் இல்ல. சும்மாத்தான் போட்டேன்,” என்றாள். “எங்க இருக்கீங்க? ஒரே அமைதியா இருக்கு.”

பஞ்சர் கடையில் என்று வாயில் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு ஜோக்கும் வந்து நின்றது. நல்ல ஜோக். விழுங்கினேன்.

“ஜெமிகிட்ட இருக்கேன்.”

சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

“இன்னைக்கு என்ன?” என்றாள்.

“இன்னைக்கு ஒண்ணும் இல்ல. தினமும் வருவேன். காலை டிரிப் முடிஞ்சதும்.”

“எவ்வளவு நாளா?”

“மூணு வருஷமா.”

“அப்ப அந்தப் பூ...”

“நான்தான்.”

என்னிடமிருந்து என்னவோ சத்தம் வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தேன், நிற்கவில்லை.

“அழுறீங்களா?”

“ஆமா.”

அழாதீங்க என்று அவள் சொல்லவில்லை. நான் அழுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் மூச்சும் நேராக இல்லை. வெகு நேரம் கழித்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“போன ஸ்பீக்கர்ல போட்டு அவ பக்கத்துல வையுங்க” என்றாள்.

பூவை நகர்த்திவிட்டுக் கல்லின் மேல் வைத்தேன். அவர்கள் இரண்டு பேர் பேச்சு, நான் எதற்கு என்று சுவர்ப் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். காற்றில் குரல் வந்துகொண்டுதான் இருந்தது. இங்கிலீஷ். தாயும் மகளும் வீட்டில் ரகசியம் என்றால் இங்கிலீஷில்தான் பேசுவார்கள். சோற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்ப்பேன், அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

அங்கே பெல் அடிக்கிற வரைக்கும் எப்சி பேசினாள். எனக்கு எதுவும் புரியவில்லை. நடுவில் ஒரு வார்த்தை மட்டும் தமிழில் வந்தது. இரண்டு தடவை வந்தது.

அப்பா.